பரீட்சைக்கு வரும் ஆனந்தவல்லி

பூதலூர் ஆனந்தவல்லி அக்கா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் எம்.பி.பி.எஸ். கடைசி வருடப் பரீட்சைக்குப் பதினோரு வருடம் தவறாமல் போனவர். அவர் புண்ணியத்தில் தேறியவர்கள் துபாயில் இருக்கிறார்கள், லண்டனில் இருக்கிறார்கள். ஒருவர் அமெரிக்காவில் இதய நிபுணராகி, ஊருக்கு வந்தால் சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் நடக்கிறார். அந்தப் பதினோரு வருடத்தில் அவர் புண்ணியத்தில் தோற்றவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதனால் அவரைப் பற்றி எழுத மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு.

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே எனக்கு வேண்டியவர்கள் இன்னும் வேலை பார்க்கிறார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடைசி வருட மெடிசின் பரீட்சையில் ஒரு நிஜ நோயாளியை நம் முன்னால் படுக்க வைப்பார்கள். முக்கால் மணி நேரம் கொடுப்பார்கள். அவரிடம் பேசி, தட்டிப் பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்து, என்ன நோய் என்று கண்டுபிடித்து எக்ஸாமினர்களிடம் ஒப்பிக்க வேண்டும். இதற்கு ‘லாங் கேஸ்’ என்று பெயர். ஆனால் பரீட்சை நடக்கிற அன்று பார்த்து நல்ல நோயாக நாலைந்து வந்து வார்டில் படுத்துக் கிடக்குமா? அதனால் சட்டென்று தீராத, அவசரமும் இல்லாத நோயுள்ளவர்களின் விலாசத்தை வாங்கி வைத்திருப்பார்கள். பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் அவர்களுக்குப் போஸ்ட் கார்டு போகும். இன்ன தேதி, காலை ஆறரை மணிக்கு வார்டுக்கு வரவும்.

ஆனந்தவல்லி அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. மைட்ரல் ஸ்டெனோசிஸ். நாங்கள் சுருக்கமாக எம்.எஸ். என்போம். மடை சரியாகத் திறக்காத வாய்க்காலில் தண்ணீர் இரைவது போல அவர் இடது மார்புக்குக் கீழே ஒரு சத்தம் கேட்கும். அதற்கு மர்மர் என்று பெயர். அந்த ஜில்லாவிலேயே அவ்வளவு தெளிவான மர்மர் வேறு யாருக்கும் இல்லை என்பதில் எங்கள் புரொபசருக்கு ஏதோ அவரே வளர்த்தது போல ஒரு பெருமை.

அக்காவுக்கும் பெருமைதான். வீட்டில் அவர் சீக்காளி. கணவர் வீரையன் சிங்கப்பூரில் கட்டட வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு டார்ச் லைட்டோடு வந்து போவார். ஊரே நடவுக்கு இறங்கும்போது அக்காவை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். மாமியார் தர்மாம்பாள் அதை நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன் ஒன்று பின் ஒன்று என்று சொல்லிக் காட்டுவார். அப்படிப்பட்டவருக்கு வருடத்துக்கு இரண்டு முறை வார்டில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், ரொட்டி, பால், மத்தியானம் சாப்பாடு, சுற்றிலும் கைகட்டி நிற்கும் டாக்டர்கள். வருகிற போஸ்ட் கார்டுகளை எல்லாம் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். தீபாவளிகூட அவருக்கு அடுத்தபடிதான்.

பரீட்சை நோயாளிகளுக்குள் அந்தஸ்து வேறு உண்டு. குடவாசல் பக்கத்துத் துரைராசு அண்ணனுக்கு மண்ணீரல் தொப்புள் வரை வீங்கியிருக்கும். ஆனாலும் ஆனந்தவல்லி அக்கா வார்டுக்குள் நுழைந்தால் அவர் எழுந்து நிற்பார். இதயம் எங்கே, மண்ணீரல் எங்கே!

வழக்கம் என்னவென்றால், மரியாதையாக நடந்துகொள்ளும் மாணவனுக்கு அக்கா எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவார். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எங்கே குழாயை வைக்க வேண்டும் என்பது உட்பட. கேள்வியைக் கேட்க மறந்தால், “சின்ன வயசுல மூட்டு வலி வந்துச்சான்னு கேக்கலியே தம்பி, அத வுட்டா மார்க்கக் கொறச்சுடுவாங்க” என்று எடுத்துக் கொடுப்பார். கடைசியில் காதோரம் நோயின் பெயர். இங்கிலீஷில்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கெட்டேன்.

என் அத்தா லியாகத் அலி ஜித்தாவில் ஒரு துணிக்கடையில் இருபது வருடமாக வேலை பார்த்தவர். குடவாசலில் எங்கள் தெருவில் மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தவர் அவர் ஒருவர்தான். நான் கடைசி வருடத்தில் இருக்கும்போதே, ஊருக்கு வந்த ஒருவரிடம் பித்தளையில் பெயர்ப் பலகை செய்து கொடுத்தனுப்பிவிட்டார். ‘டாக்டர் எல். தஹ்மீனா, எம்.பி.பி.எஸ்.’ அதைப் பெட்டியில் வைத்திருக்க என் அம்மா கமருன்னிஸாவுக்குப் பொறுமை இல்லை. நான் ஹால் டிக்கெட் வாங்குவதற்குள் ஆசாரியைக் கூப்பிட்டு வாசலில் அடித்தாயிற்று.

தொண்ணூற்றைந்து ஏப்ரலில் பரீட்சைக்குப் போன என் கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கே ஓர் அறை விட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. கையில் ஜித்தா வாட்ச். கழுத்தில் புது ஸ்டெதஸ்கோப். வார்டு நாற்றம் தாங்காமல் மூக்கில் அத்தர் தெளித்த கைக்குட்டை. சீட்டில் நாலாம் நம்பர் கட்டில் விழுந்தது. கட்டிலில் ஆனந்தவல்லி அக்கா. அதுவரை அவரை நேரில் பார்த்திராத நான், பெயரைக்கூடக் கேட்கவில்லை; கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பக்கத்திலிருந்த நர்ஸிடம், இந்தக் கேஸை நேராகப் படுக்க வையுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

பதினோரு வருடம் பரீட்சைக்கு வந்தவருக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியாதா?

“மூச்சு வாங்குமா?” என்று கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டேன்.

“சின்ன வயசிலேருந்தே இளைப்புதாம்மா” என்றார் அக்கா, அவ்வளவு பணிவாக. “பனி ஒத்துக்காது. வைக்கல் தூசு பட்டாப் போதும், நெஞ்சுக்குள்ள பூன கத்தும். எங்கப்பாருக்கும் இதே சீக்குத்தான்.”

ஆஸ்துமா! புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசித்தது போல இருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன், வைத்ததோடு சரி. பூனையைத் தேடினேன். கத்துவது போலத்தான் இருந்தது. எக்ஸாமினர்களிடம் ஆஸ்துமாவைப் பற்றிக் கால்மணி நேரம் பொளந்து கட்டினேன். எங்கள் புரொபசர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்தவர் அக்காவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, “பூனை எதுவும் இல்லையேம்மா, புலியல்லவா உறுமுகிறது” என்றார்.

நான் வெளியே போகும்போது அக்கா கூப்பிட்டார்.

“டாக்டரம்மா, கைக்குட்ட வாசம் நல்லாருக்கு.”

ரிசல்ட் வந்தது. மெடிசினில் பெயில். எங்கள் வீட்டில் அம்மா செய்த முதல் காரியம், ஜித்தா டவல் ஒன்றை எடுத்து வாசல் பலகையை மூடிக் கட்டியது. தெருவில் கேட்டவர்களுக்கு, “பெயிண்ட் காயல” என்று பதில். பித்தளையில் என்ன பெயிண்ட், அது ஆறு மாதமாகவா காயும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அம்மா சும்மா விட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அத்தாவுக்கு மட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜித்தாவிலிருந்து கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். “புள்ள பாஸ்தாங்க, சர்டிபிகேட்டுதான் வரல, கவர்மெண்டு வேல பாருங்க” என்று அம்மா அடித்துவிடுவார்கள். பிறகு என்னிடம் ரிசீவரைக் கொடுப்பார்கள். அத்தா அந்தப் பக்கத்திலிருந்து, “டாக்டரம்மா நல்லா இருக்கீங்களா?” என்பார். நான் பெற்ற தகப்பனிடம் வாய் கூசாமல், “நல்லா இருக்கேன் அத்தா” என்பேன். அவர் விசாவை முடித்துக்கொண்டு டிசம்பரில் ஒரேயடியாக ஊருக்கு வருவதாக இருந்தார். மறுபரீட்சை அக்டோபரில். அதில் தேறாவிட்டால், டவலை அவர் கையாலேயே அவிழ்த்துப் பார்ப்பார்.

அக்கா வேண்டுமென்றேதான் ஆஸ்துமாவைச் சொல்லியிருக்கிறார் என்று என் தோழி வானதிதான் விளக்கினாள். அவள் ஏப்ரலிலேயே தேறியவள்.

“அவங்க பேரக் கேட்டியாடி?”

“இல்ல.”

“நல்லா வேணும் ஒனக்கு. போ, பூதலூருக்குப் போயி கால்ல விழு. வெறுங்கையோட போவாத.”

அக்டோபர் முதல் வாரம். பாசஞ்சர் ரயிலில் பூதலூர் போய் இறங்கினேன். பையில் ஜூஸ் கலக்கும் டாங் பவுடர் டப்பா, கோடாலித் தைலம், அத்தா அம்மாவுக்கு அனுப்பிய நைலக்ஸ் புடவை, பிரிக்காத கைக்குட்டைப் பெட்டி ஒன்று. இது லஞ்சமா என்று கேட்டால், ஆம், லஞ்சம்தான். வழி நெடுகச் சம்பா நடவு. தெருவில் பெண் வாசனையே இல்லை, எல்லோரும் வயலில்.

அக்கா மட்டும் இருந்தார். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, காயப் போட்டிருந்த நெல்லில் ஓர் ஆடு வாய் வைத்தது. இரண்டு குடத்தையும் இறக்கிவிட்டு, பிள்ளையார் கோயில் வரை அதைத் துரத்திக்கொண்டு ஓடி, காதைப் பிடித்து இழுத்து வந்து கட்டினார். திரும்பினால் நான் நிற்கிறேன். உடனே மார்பில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

“யப்பா... மூச்சு வாங்குதும்மா...”

நான் பதறிப் போய் அவரை உட்கார வைத்து, முந்தானையால் விசிறினேன். நாலரை வருடம் மருத்துவம் படித்தவள். கண் முன்னால் அரைப் பர்லாங் ஓடியவருக்கு உட்கார்ந்த பிறகு மூச்சு வாங்குகிறதே என்று எனக்குத் தோன்றவில்லை. பாவம், மிகவும் முற்றிவிட்டது போல என்றுதான் தோன்றியது.

“அக்கா, நான் தஹ்மீனா. உங்க பேரக்கூடக் கேக்காம... அன்னிக்கு நடந்தது தப்புக்கா.”

“எம் பேரு ஆனந்தவல்லி” என்றார், ஆறு மாதம் கழித்து. பையைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். டாங் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் கைக்குட்டைப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, என்னைப் போலவே புருவத்தை உயர்த்தி, “மூச்சு வாங்குமா?” என்றார். அச்சு அசல் நானே. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அழுகைதான் முந்தியது. டவல் கட்டிய பலகையையும் வெள்ளிக்கிழமை போனையும் சொல்லி அழுதேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அழுவாத. ஒன்ன நான் பாஸ் பண்ண வைக்கிறேன், போ” என்றார், ஏதோ ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துத் தருகிறவர் போல.

பரீட்சை நாள். மறுபரீட்சை என்பதால் நாங்கள் ஏழு பேர்தான். எனக்கு விழுந்தது இரண்டாம் நம்பர் கட்டில். எட்டிப் பார்த்தேன். அங்கே ஈரல் வீங்கிய ஒரு பாட்டி. ஆனந்தவல்லி அக்கா ஆறாம் நம்பரில். என் முகம் போன போக்கைப் பார்த்த அக்கா, சற்று நேரத்தில் நர்ஸைக் கூப்பிட்டு, ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, சளி பிடிக்கும் என்று ஒரே ரகளை. கட்டில் மாறியது. பாட்டி ஆறுக்கும் அக்கா இரண்டுக்கும். யாரும் எதுவும் கேட்கவில்லை. இதயத்துக்கு அந்த அந்தஸ்து உண்டு.

அன்று காலை நோயாளிகளின் பட்டியல் எழுதிய உதவி டாக்டரும் அக்காவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. “ஆனந்தவல்லியா? எம்.எஸ். எழுதிக்கோ” என்று தாண்டிப் போனதை நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன். எனக்குப் பாதிப் பரீட்சை முடிந்தது போல நிம்மதி.

அக்கா வரிசையாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். மூட்டு வலி, மூச்சு வாங்கல், இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம். காலை எழுந்து ஓதியது வீண் போகவில்லை என்று நினைத்தபடி, அவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். புலி உறுமும் இடம் இந்த முறை எனக்குத் தெரியும்.

புலி இல்லை.

இடத்தை மாற்றி வைத்தேன். காதில் இருந்ததைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினேன். லப், டப். லப், டப். முதல் சத்தம் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். வாய்க்கால் இரைச்சல் அடியோடு இல்லை.

“அக்கா, சத்தமே இல்லியே.”

“இருக்கும், நல்லாப் பாரு.”

“சத்தியமா இல்லக்கா.”

அக்கா திரைச்சீலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“யாருகிட்டயும் சொல்லாத. ஆடி மாசம் மெட்ராஸுக்குப் போயி சரி பண்ணிட்டு வந்துட்டேன். எந் தம்பி முருகையன் அங்க லாரி ஷெட்டுல இருக்கான்ல, அவந்தான் பெரியாஸ்பத்திரில சேத்தான். தொடையில ஓட்டயப் போட்டு, கம்பி வுட்டு, உள்ளார பலூன ஊதி வால்வ விரிச்சாங்க. நெஞ்சுல ஒரு கீறல் கெடயாது.”

“வீட்டுக்குத் தெரியாதா?”

“வேளாங்கண்ணிக்கு வேண்டுதல்னு சொல்லிட்டுப் போனேன். வரயில மெழுகுவத்தி வாங்கியாந்து குடுத்தேன், எங்க மாமியா நம்பிடுச்சு.”

“ஏன்க்கா மறைக்கிறீங்க? நல்லா ஆயிட்டீங்களே!”

“நல்லா ஆயிட்டா கூப்புடுவாங்களா?” என்றார் அக்கா. முதல் தடவையாக அவர் குரலில் கேலி இல்லை. “நோவு வந்த பொறவுதான் எம் பேரு நாலு பேருக்குத் தெரிஞ்சுச்சு. சாவுக்குப் பயந்துதான் போனேன். ஆனா இத வுட மனசு வல்ல. நீ எப்பவும் எல்லாரும் எழுதறதையே எழுது. யாரு குழாய வச்சுப் பாக்கப் போறா? பாக்கறவங்களுக்கும் பழக்கத்துல கேக்கும்.”

சொன்னது நியாயம்தான். புரொபசருக்கு அது எம்.எஸ். பட்டியலில் எம்.எஸ். ஒன்றும் கேட்கவில்லை என்று நான் சொன்னால், போன முறை ஆஸ்துமா என்றவளுக்கு இந்த முறை காதே கேட்கவில்லை என்பார்கள். எம்.எஸ். என்று எழுதினால் பாஸ். டவல் அவிழும். அத்தா டிசம்பரில் வருவார். ஆபரேஷனைச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அக்காவின் விரல்கள் இன்னும் என் மணிக்கட்டில் இருந்தன.

மணியடித்தது. எழுத வேண்டிய இடத்தில் நான் எதுவும் எழுதவில்லை.

எக்ஸாமினர்கள் வந்தார்கள். எங்கள் புரொபசரும், மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒல்லியான ஓர் அம்மாவும். நான் நோயாளியின் பெயர் ஆனந்தவல்லி என்று தொடங்கி, கதையை ஒப்பித்து, மார்புக்கு வந்தேன். இங்கிலீஷில்தான் பேச்சு.

“மர்மர்?” என்றார் புரொபசர், மீசையைத் தடவியபடி, பதில் தெரிந்த முகத்தோடு.

வாயில் எம்.எஸ். வந்து நின்றது. வெள்ளிக்கிழமை தோறும் அத்தாவிடம் சொன்ன பொய்யெல்லாம் அதற்குப் பின்னால் வந்து நின்றது. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

“மர்மர் இல்லை, சார்.”

“என்ன?”

“நான் மூன்று முறை பார்த்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.”

புரொபசர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். “இந்தப் பெண்ணைத் தெரியுமா? ஏப்ரலில் இதே நோயாளிக்கு ஆஸ்துமா என்றது. இப்போது நோயே இல்லை என்கிறது. அடுத்த தடவை மாசமாக இருக்கிறார் என்று சொன்னாலும் சொல்லும்.” பிறகு என்னிடம், “பதினோரு வருடக் கேஸம்மா இது. நீ போகலாம்” என்றார்.

நான் ஸ்டெதஸ்கோப்பை மடித்தேன். அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கும்போது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு தரையே தெரியவில்லை.

“ஐயா.”

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் நோயாளி எக்ஸாமினரிடம் பேசும் வழக்கம் கிடையாது. வார்டே திரும்பியது.

“அந்தப் பொண்ணு சொல்றது நெசம்தாங்க. எனக்குச் சரியாப்போயி மூணு மாசமாச்சு. மெட்ராஸ்ல பலூன் வச்சாங்க.” முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “நாந்தான் மறச்சேன். அதுகிட்டயும் சொல்லாதன்னு கையப் புடிச்சுக் கேட்டேன். அது சொல்லல பாருங்க. இத்தன வருசத்துல எத்தனையோ புள்ளைங்க என் வாயப் பாத்து எழுதிட்டுப் போச்சுங்க. நெஞ்சுல குழாய வச்சு, உள்ளது உள்ளபடி சொன்னது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். பெயிலு போடாதீங்க ஐயா.”

மதுரை அம்மா ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். வைத்தார். புருவத்தைத் தூக்கினார். புரொபசர் வைத்தார், முகம் கறுத்தது. பட்டியல் எழுதிய உதவி டாக்டரைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். அவர் வேர்க்க வேர்க்க வைத்தார். அடுத்த கட்டிலில் பரீட்சை நடத்திக்கொண்டிருந்த இருவரும் என்ன கூட்டம் என்று வந்து அவர்களும் வைத்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக, இல்லாத ஒரு சத்தத்தை அரை மணி நேரம் தேடினார்கள். ஆனந்தவல்லி அக்கா நடுவில் அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் பாஸ். டவலை அம்மாவே அவிழ்த்தார்கள். “ஒரு வழியா பெயிண்ட் காஞ்சிருச்சு” என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார்கள். டிசம்பரில் அத்தா வந்து இறங்கி, பெட்டிகளை வாசலிலேயே விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டால் பலகையைத் துடைத்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின் போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தா, “அந்தப் புள்ளைக்கு நல்ல புடவையா ஒண்ணு எடுத்துக் குடுத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

இனிப் பூதலூருக்குப் போஸ்ட் கார்டு போகாது, என்னால் ஒருவரின் தீபாவளி போயிற்று என்று நான் நொந்து கிடந்தேன். எங்கள் புரொபசரை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். மறு ஏப்ரலில் கார்டு போனது. நோயில்லாத இதயத்துக்கும் பரீட்சையில் வேலை உண்டு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அக்கா அதே கட்டிலில் படுத்து, அதே கதையைச் சொல்லி, கடைசியில் காதோரம் அதே பெயரை இங்கிலீஷில் சொன்னார். நம்பி எழுதிய மூன்று பேர் தோற்றார்கள். அதில் ஒருவன், என்னை அக்கா முறை வைத்து ‘லாத்தா’ என்று கூப்பிடும் எங்கள் தெரு ஜாஃபர் சாதிக், என்னிடம் வந்து குமுறினான்.

“அவங்களே சொன்னாங்க லாத்தா! டாங் டப்பாவெல்லாம் வாங்கிக்கிட்டு சொன்னாங்க!”

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் இன்று வரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இப்படி ஏழு வருடம். அதற்குள் நான் குடவாசலில் அந்தப் பலகைக்குக் கீழேயே கிளினிக் வைத்துவிட்டேன். வருடா வருடம் மார்ச் மாதம் அக்கா பஸ் ஏறி வருவார். வரிசையில் நிற்க மாட்டார், நேராக உள்ளே வந்து படுத்துக்கொள்வார். பரீட்சைக்கு முன்னால் இதயம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் முழுதாக ஒரு நிமிடம் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பேன். ஒன்றுமில்லை என்றதும் எழுந்து, “அப்ப கார்டு வந்துரும்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டாயிரத்து மூன்று மார்ச்சில் வைத்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. மிக மெல்லியதாக, தூரத்து வாய்க்கால் போல. வால்வு மறுபடி சுருங்கத் தொடங்கியிருந்தது. நான் ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தேன். அந்த ஒரு நிமிடம் நான் டாக்டராக இல்லை.

“என்ன, அழுவுற?” என்றார் அக்கா.

“சத்தம் திரும்பி வந்துருச்சுக்கா.”

அக்கா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

“அப்ப என்னப் பழைய வேலைக்கே எடுத்துப்பாங்களா?”

எனக்கு வந்த கோபத்தில் எதையாவது தூக்கி அடித்திருப்பேன். கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏப்ரல் பரீட்சை மட்டும் முடியட்டும் என்றார். நான் முடியாது என்றேன். இந்த முறை மர்மர் லேசாகத்தான் இருக்கிறது, புள்ளைங்க நன்றாகத் திணறும், ஒரே ஒரு பரீட்சை என்று கெஞ்சினார். நான் முடியவே முடியாது என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை பூதலூருக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டேன். மாமியார் தர்மாம்பாளுக்கு அப்போது காது மந்தம். எங்கே போகிறீர்கள் என்று உள்ளேயிருந்து உரக்கக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

“வேளாங்கண்ணிக்குப் போறோம் அத்த!” என்று கத்தியது நான்தான். பிறகு இருவரும் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்கப் போனோம்.